மும்பைத் தமிழர்களின் பல் கணக்கு

வேர் சிகிச்சை முடிந்ததும் வலி நின்றுவிடுகிறது. பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பைப் போடாமல் விட்ட பல் அதற்குப் பிறகுதான் உடைகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வாசிகள் ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

"புடுங்கிப் போட்ருங்க டாக்டர்!"

தாராவியில் பல் வைத்தியம் பார்க்கும் எவருக்கும் பழகிப்போன வாக்கியம் இது. எக்ஸ்ரே, வேர் சிகிச்சை, அதற்கு மேல் ஒரு கேப் என்று டாக்டர் விளக்கிக்கொண்டே போவார். நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் மனதிலோ வேறு கணக்கு ஓடும். இன்று லீவு போட்டால் இன்றைய கூலி போச்சு. நாலு தடவை வரச் சொன்னால் நாலு நாள் கூலி. பிடுங்கினால் ஒரே நாளில் கதை முடியும். மறுநாள் பட்டறைக்குப் போய்விடலாம். முப்பத்திரண்டில் ஒன்று போனால் என்ன, மீதி முப்பத்தொன்று இருக்கிறதே!

தினக்கூலிக்காரரின் இந்தக் கணக்கை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கையில் இருக்கும் காசையும் நேரத்தையும் வைத்துப் போட்ட கணக்கு அது. ஆனால், அதில் ஒரு வரி விட்டுப்போகிறது. பல்லைப் பிடுங்கிய பிறகு வாய்க்குள் என்ன நடக்கும், அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற வரி அது. அந்த வரியையும் சேர்த்துக் கூட்டினால், பிடுங்குவதுதான் எல்லாவற்றையும்விட விலை உயர்ந்த வைத்தியம் என்று தெரியவரும்.

மூன்று பேட்டை, மூன்று விதமான வாய்

தமிழர் இல்லாமல் தாராவியின் வரலாற்றை எழுத முடியாது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன், கொள்ளுப்பேரன்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அலுவலக வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் மாட்டுங்காவில் கூடின. அவர்கள் முன்னின்று 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், எஸ்.ஐ.இ.எஸ். என்ற பெயரில் இன்று பெரிய கல்வி நிறுவனம். செம்பூருக்குச் செடா நகர் முருகன் கோயில் ஓர் அடையாளம். அங்கிருந்து டிராம்பே பக்கம் போனால் சீத்தா கேம்ப். 1976-இல் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது குடிபெயர்க்கப்பட்டவர்களின் குடியிருப்பு அது. அங்கும் தமிழ்க் குரல் கேட்கும்.

பல் கெடும் வழி பேட்டைக்குப் பேட்டை மாறுகிறது. தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் முதல் எதிரி புகையிலை. 2012-லேயே மகாராஷ்டிரா குட்காவைத் தடை செய்துவிட்டாலும், வாயில் அடக்கும் பழக்கம் போய்விடவில்லை. இன்னொன்று மிஷ்ரி. புகையிலையைக் கருக வறுத்துப் பொடியாக்கிப் பல்லில் தேய்ப்பது கொங்கண், மராட்டிய வழக்கம். இதில் பெண்களும் அதிகம். பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலக்கக் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு தடை விதித்தது. வீட்டில் வறுக்கும் மிஷ்ரிக்கு யார் தடை போடுவது? 'பல் ஆடுது, மிஷ்ரி தேய்ச்சா கெட்டியாகும்' என்ற நம்பிக்கைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. உண்மை நேர்மாறானது. புகையிலை ஈறுக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, வாய்ப் புற்றுநோய்க்கும் வழி திறக்கிறது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் புகையிலையைவிட வயதும் சர்க்கரையும்தான் பிரச்சினை. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். இருபது முப்பது வருடங்களுக்கு முன் பெரிதாக அடைத்த கடைவாய்ப் பல், கோகுலாஷ்டமிச் சீடையைக் கடித்த அன்று பிளந்துவிடும். பழி சீடை மேல் விழும். அடைப்பைச் சுற்றிப் பல்லின் சுவர் மெலிந்துபோய் ஆண்டுகள் பல ஆகியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய் நல அறிக்கை, உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு வாய் நோய் இருப்பதாகச் சொல்கிறது. வேறு எந்த நோய்க்கும் இவ்வளவு பெரிய கூட்டம் இல்லை. ஆனாலும், வலி பொறுக்க முடியாமல் போகும்வரை யாரும் அதை நோயாக மதிப்பதில்லை.

வலி நின்றது, ஆளும் நின்றார்

சொத்தை பல்லின் மேலோட்டில் இருக்கும்போது வலிக்காது. உடலிலேயே மிகக் கடினமான பொருள் அந்த மேலோடு, அதாவது எனாமல். அதில் நரம்பு கிடையாது. சொத்தை அதைத் துளைத்து அடுத்த அடுக்குக்கு இறங்கும்போது ஐஸ் தண்ணீர் கூசும், இனிப்பு கூசும். அப்போதே போனால் ஒரு சாதாரண அடைப்போடு முடிந்துவிடும். நடுவில் இருக்கும் நரம்புக் கூழை எட்டிய பிறகு ராத்திரித் தூக்கம் போகிறது. கிராம்புத் தைலம், வலி மாத்திரை எல்லாம் முயன்றுவிட்டு அப்புறம்தான் கிளினிக் படி ஏறுகிறோம்.

இந்தக் கட்டத்திலும் பல்லைக் காப்பாற்றலாம். கெட்டுப்போன நரம்பையும் கிருமியையும் சுத்தம் செய்து, வேரின் குழாய்களை அடைத்து மூடுவதுதான் ரூட் கேனால் என்னும் வேர் சிகிச்சை. ஒன்றிரண்டு தடவையிலேயே வலி போய்விடும். பல் கைவிட்டுப் போகும் இடமும் இதுதான். வலி நின்றதும் ஆளும் நின்றுவிடுகிறார். கேப் போட வரச் சொன்ன தேதி தீபாவளிக்குத் தள்ளிப்போகும்; அப்புறம் பொங்கல்; அப்புறம் ஊர்ப் பயணம்.

வேர் சிகிச்சைக்கு வரும் பல் ஏற்கெனவே சொத்தையில் பாதி கரைந்தது. உள்ளே போக வழி செய்வதற்காக இன்னும் கொஞ்சம் குடைந்திருப்பார்கள். மிச்சம் நிற்பது மெல்லிய சுவர்கள்தாம். கடைவாயில் முதல் பெரிய பல் தாங்கும் அழுத்தம், முழு பலத்தோடு கடித்தால், 50 கிலோ எடைக்கும் மேலே போகும். அந்தச் சுவர் என்றாவது ஒருநாள் பிளக்கும். விரிசல் வேர் வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியே இல்லை.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் இதைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். வேர் சிகிச்சைக்குப் பிறகு கேப் போடாத பற்கள், கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன என்பது அவர்கள் கண்டது. முன்பல்லுக்கு இந்த அவசரம் பெரும்பாலும் இல்லை. துண்டு துண்டாக உடைந்திராத முன்பல்லுக்கு நல்ல அடைப்பே போதும். கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் கேப் இல்லாத வேர் சிகிச்சை பாதி வேலைதான். பணத்தையும் வலியையும் செலவழித்துக் காப்பாற்றிய பல்லைக் கடைசிப் படியில் விட்டுவிடுகிறோம்.

கேப் பிறக்கும் இடம்

கேப் போடுவதற்குப் பல்லைச் சுற்றிலும் மேலேயும் ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை தேய்த்தெடுப்பார்கள். கேப்புக்கு இடம் வேண்டுமே. ஈறுக்கு மேலே நல்ல பல் சுற்றிலும் குறைந்தது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது மிஞ்சி இருக்க வேண்டும். அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் கேப் நிற்கும். அது இல்லாத பல்லில் போட்ட கேப், பல்லோடு சேர்ந்து ஒருநாள் கையில் வரும்.

பிறகு அச்சு எடுப்பார்கள். ரப்பர் போன்ற சிலிக்கான் கலவையைத் தட்டில் நிரப்பி வாயில் வைப்பது பழகிய முறை. வாய்க்குள் கேமராவை ஓட்டிக் கணினியில் அச்சு எடுக்கும் ஸ்கேனர்களும் இப்போது வந்துவிட்டன. பக்கத்துப் பல்லோடு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசை மாதிரிப் பற்கள் உண்டு. அதைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. அச்சு இங்கிருந்து லேபுக்குப் போகும். கேப் வரும்வரை பல்லை மூட ஒரு தற்காலிகக் கேப் கொடுப்பார்கள்.

நோயாளிகள் பார்க்காத இடம் அந்த லேப். பல்லுக்குப் பணம் கொடுப்பது டாக்டரிடம். பல்லைச் செய்வது லேபில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே இவர்களுக்கு 'டெண்டல் மெக்கானிக்' என்று தனிப் பதிவேடு உண்டு. உலோகக் கேப்பை இவர்கள் செய்யும் விதம் தமிழருக்குப் புதிதல்ல. பல்லின் உருவத்தை மெழுகில் செதுக்குகிறார்கள். அதைச் சுற்றி மாவுக் கலவையை ஊற்றி இறுக விடுகிறார்கள். உலையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். மிஞ்சிய பள்ளத்தில் உருக்கிய உலோகம் இறங்கும். சுவாமிமலை ஸ்தபதி நடராஜர் சிலை வார்க்கும் அதே முறை. சோழர் காலத்திலேயே நம்மிடம் இருந்த இந்த மெழுகு வார்ப்பைப் பல் மருத்துவத்தில் எங்கும் பரப்பியவர் அமெரிக்கரான வில்லியம் டகார்ட். 1907-இல் அவர் அதைச் செய்து காட்டினார்.

பல்லைக் கட்டும் ஆசை அதைவிடப் பழையது. இத்தாலியின் எட்ருஸ்கர்கள் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தங்கப் பட்டையால் பற்களைக் கட்டினார்கள். பல் மருத்துவத்தை முறையாக நூலாக்கியவர் பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார், ஆண்டு 1728. பீங்கானால் முழுக் கேப் செய்து 1889-இல் காப்புரிமை பெற்றவர் டெட்ராய்ட்டின் சார்ல்ஸ் லேண்ட். அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பெர்கின் தாத்தா இவர். உலோகத்தின் மேல் பீங்கானை ஒட்டவைக்கும் வித்தைக்கு 1962-இல் காப்புரிமை வந்தது. கணினியில் வரைந்து இயந்திரத்தில் கடைந்தெடுக்கும் முறை 1985-இல் சூரிச்சில் முதன்முதலாக நோயாளியின் வாய்க்குள் போனது.

எந்த கேப் யாருக்கு?

கிளினிக் மேசையில் விலைப்பட்டியலை வைத்து "எது வேணும்?" என்று கேட்கும்போது நாம் திணறிப்போகிறோம். விலையைப் பார்க்கும் முன் பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முழு உலோகக் கேப்: நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம் கலவை. பார்க்க வெள்ளியாகத் தெரியும். கடைவாயின் கடைசிப் பல்லுக்கு இதைவிட உறுதியான, மலிவான கேப் இல்லை. பல்லைத் தேய்ப்பதும் குறைவு. கவரிங் நகையோ கைக்கடிகாரமோ போட்டால் தோலில் அரிப்பு வருபவர்கள் நிக்கல் ஒவ்வாமை பற்றி டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கோபால்ட் கலவையைக் கேட்கலாம். தங்கக் கேப் இன்னும் சிறப்பாகப் பொருந்தும். இன்றைய தங்க விலையில் அதைக் கேட்பவர் குறைவு.

உலோகம், மேலே பீங்கான்: பல வருடங்களாக ஊர் முழுக்கப் போடப்பட்டது இதுதான். வெளியே பல் நிறம், உள்ளே உலோகம். பீங்கான் சில்லுச் சில்லாக உடையலாம். ஈறு இறங்கும்போது ஓரத்தில் சாம்பல் கோடு தெரியும். சிரித்தால் தெரியும் இடத்தில் அது உறுத்தும், பின்னால் பரவாயில்லை.

சிர்கோனியா: இன்று மாட்டுங்கா, செம்பூர் கிளினிக் பலகைகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர். பல் நிறமும் உண்டு, உலோகத்துக்கு நிகரான பலமும் உண்டு. சாக்பீஸ் போல மிருதுவாக இருக்கும் கட்டியிலிருந்து, தேவையைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கேப்பைக் கடைந்தெடுப்பார்கள். ஏறத்தாழ 1,500 டிகிரி வெப்பத்தில் சுட்டதும் அது சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து இறுகும். இதற்கு மூலப்பொருள் சிர்கான் என்ற கனிமம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் பிரித்தெடுப்பதும் இதே சிர்கானைத்தான். அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருப்பது மும்பை பிரபாதேவியில்.

முழுப் பீங்கான்: லித்தியம் டைசிலிகேட் போன்ற வகைகள். ஒளியை உள்ளே விடும் தன்மை இயற்கைப் பல்லை ஒத்திருப்பதால் முன்பல்லுக்கு அழகு.

உலோகத்துக்கும் நல்ல சிர்கோனியாவுக்கும் இடையே விலை பல மடங்கு ஏறும். கண்ணாடியில்கூடத் தெரியாத கடைசிப் பல்லுக்கு, பிறர் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. கேப்போடு பத்து வருடம், பதினைந்து வருடம் என்று உத்தரவாத அட்டை கொடுத்தால், அது கேப்புக்குக் கொடுத்த வாக்குதான். உள்ளே இருக்கும் பல்லுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கேப்புக்குச் சொத்தை வராது. அதன் ஓரத்தில், ஈறு சேரும் இடத்தில் இருக்கும் பல்லுக்கு வரும்.

இடைவெளி சும்மா இருப்பதில்லை

இனி, பிடுங்கியவரின் கதைக்கு வருவோம். "அந்த இடம் ஆறிப்போச்சு, ஒண்ணும் பண்ணல" என்பார். மெதுவாக நடப்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான். பல் போன இடத்தின் எலும்பு முதல் ஓராண்டிலேயே கணிசமாகத் தேயும். பக்கத்துப் பல் இடைவெளிக்குள் சாயும். எதிர்த் தாடைப் பல், கடிக்கத் துணை இல்லாமல், கீழே இறங்கும் அல்லது மேலே எழும்பும். சாய்ந்த பல்லின் இடுக்கில் சோறு மாட்டும். அங்கே புதுச் சொத்தை. மெல்லும் வேலை முழுவதும் மறுபக்கத்துக்கு மாறும். ஒரு பல்லின் இழப்பு சில வருடங்களில் மூன்று பல்லின் பிரச்சினை ஆகிறது. முன்பல் என்றால் உடனே தெரிந்துவிடும். பல் போனால் சொல் போச்சு என்பார்களே, அப்படி. பின்பல்லை யாரும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை.

இடைவெளியை அடைக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது கழற்றி மாட்டும் பல். மலிவு, சீக்கிரம் கிடைக்கும். பேசும்போதும் மெல்லும்போதும் அசையும். பலருக்கு அது கடைசியில் அலமாரிக் கிண்ணத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது பிரிட்ஜ். போன பல்லின் இருபுறமும் இருக்கும் பற்களைத் தேய்த்துக் கேப் மாட்டி, நடுவில் பொய்ப் பல்லைச் சேர்த்து ஒரே துண்டாக ஒட்டிவிடுவார்கள். ஓரிரு வாரத்தில் நிலையான பல் கிடைக்கும். கழற்றும் தொல்லை இல்லை. நன்றாகச் செய்து நன்றாகப் பராமரித்த பிரிட்ஜ்களில் பத்தில் ஒன்பது, பத்து ஆண்டு கழித்தும் வாயில் இருக்கின்றன என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இதற்குக் கொடுக்கும் விலையில் பாதி பில்லில் வராது. முழுக் கேப்புக்குத் தேய்க்கும்போது ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் பாதிக்கும் மேல் போய்விடும். பக்கத்துப் பற்கள் இரண்டும் பழுதில்லாதவை என்றால், ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்களை வெட்டுகிறோம். அவை ஏற்கெனவே பெரிதாக அடைக்கப்பட்டவை அல்லது கேப் தேவைப்படுபவை என்றால் பிரிட்ஜ் நல்ல முடிவு. பழுதில்லாத பற்கள் என்றால் யோசிக்க வேண்டும். தாங்கும் பற்களின் வேர்கள் போதுமான பலம் உடையவையா என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் யாரும் பிரிட்ஜ் கட்டக் கூடாது. இரண்டு மூன்று பற்கள் தொடர்ந்து போயிருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். முன்பல் ஒன்று விழுந்த இளம் வயதினருக்கு, பக்கத்துப் பல்லின் பின்புறம் மட்டும் ஒட்டும் மேரிலேண்ட் பிரிட்ஜ் என்ற வகையும் உண்டு. அதில் தேய்ப்பு மிகக் குறைவு.

மூன்றாவது இம்ப்ளான்ட். சுவீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரேனமார்க், எலும்போடு டைட்டானியம் ஒன்றிப்போவதைக் கண்டு, 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். தாடையில் திருகாணியைப் பதித்து, அது எலும்போடு சேர்ந்த பிறகு மேலே கேப் போடுவார்கள். பக்கத்துப் பற்களைத் தொட வேண்டாம். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஒரு பல்லுக்கே பல்லாயிரம் ரூபாய் ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், விடாமல் புகைப்பவர்களுக்கும் இது தோல்வியடையும் ஆபத்து கூடுதல்.

இப்போது தாராவிக்காரரின் பழைய கணக்குக்குத் திரும்புவோம். சொத்தையின்போதே போயிருந்தால் ஓர் அடைப்பு. வலியின்போது போனால் வேர் சிகிச்சையும் ஒரு கேப்பும். பிடுங்கிய பிறகு போனால் மூன்று கேப் சேர்ந்த பிரிட்ஜ் அல்லது இம்ப்ளான்ட். ஒவ்வொரு படிக்கும் செலவு மடங்கு மடங்காக ஏறுகிறது, போக வேண்டிய நாட்களும் கூடுகின்றன.

பிடுங்கத் தயங்குபவர்களிடம் வேறொரு பயம் உண்டு: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது. பார்வைக்கான நரம்பும் பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் வேறு வேறு. முற்றிய பல்லைப் பிடுங்குவதால் கண்ணுக்கு எதுவும் ஆகாது. பல்லைக் காப்பாற்றச் சொல்வதற்குக் காரணம் கண் அல்ல, பல்லேதான்.

சாலையோரத்தில் ஒரே நாளில் பல்

'ஐந்தே நிமிடத்தில் பல் கட்டித் தரப்படும்' என்று பிளாட்பாரத்தில் கடை விரிக்கும் ஆட்கள் நம் நகரங்களில் இன்னும் இருக்கிறார்கள். தூளையும் திரவத்தையும் கலந்தால் தானே இறுகும் அக்ரிலிக்கை ஈறின் மேலேயே வைத்து, கம்பியால் பக்கத்துப் பல்லோடு கட்டிவிடுவார்கள். அன்றைக்குச் சிரித்துப் பார்க்கலாம். அந்தக் கலவை இறுகும்போது சூடாகி ஈறைச் சுடும். அடியில் சுத்தம் செய்ய வழியே இல்லாததால் சீழ் பிடிக்கும். கம்பி கட்டிய நல்ல பற்களும் ஆட ஆரம்பிக்கும். சுத்தம் செய்யாத கருவிகளால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும் ஆபத்து வேறு.

பட்டமில்லாமல் பல் வைத்தியம் பார்ப்பது எல்லோருக்குமே சட்டவிரோதம் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்ததில்லை. 1948 சட்டம் வந்தபோது, படித்தவர்களுக்கு 'அ' பிரிவு, பட்டம் இல்லாமல் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் அதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களுக்கு 'ஆ' பிரிவு என்று பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் பல் கட்டிய சீன வம்சாவளிக் குடும்பங்களின் கதை அந்தக் காலத்தைச் சேர்ந்தது. அந்தச் சலுகை அன்று தொழிலில் இருந்தவர்களுக்கு மட்டும்தான். இன்று பல்லில் கைவைக்க மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கிளினிக்கில் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான ஒழுக்க விதி. தயங்காமல் பாருங்கள்.

கேஸ் பேப்பர் எடுத்தால் போதும்

தனியார் கிளினிக்கில் கேப்புக்கு வசதி இல்லையென்றால் பிடுங்குவது மட்டுமே வழி என்று பலர் நினைக்கிறார்கள். மும்பையில் பொதுப் பணத்தில் நடக்கும் இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்று, மாநகராட்சி நடத்தும் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரி. 1933-இல் தொடங்கியது, இருப்பது மும்பை சென்ட்ரல். மற்றொன்று, மாநில அரசின் பல் மருத்துவக் கல்லூரி, சி.எஸ்.எம்.டி. நிலையத்துக்கு அருகே, செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையை ஒட்டியது.

தாராவிக்காரர்கள் மாகிம் நிலையத்திலும், மாட்டுங்காக்காரர்கள் மாட்டுங்கா ரோடு நிலையத்திலும் மேற்குப் பாதை வண்டி ஏறினால் மும்பை சென்ட்ரலில் இறங்கலாம். செம்பூர், சீத்தா கேம்ப் வாசிகளுக்கு ஹார்பர் பாதையின் கடைசி நிறுத்தமே சி.எஸ்.எம்.டி. அங்கிருந்து நடந்துவிடலாம். காலையில் சீக்கிரம் போய்க் கேஸ் பேப்பர் என்னும் நோயாளிச் சீட்டை எடுக்க வேண்டும். செயற்கைப் பல் பிரிவில், ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்களும் பட்டமேற்படிப்பு டாக்டர்களும் வேலை செய்வார்கள். தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு. பதிலுக்குக் கேட்பது பொறுமை. தனியாரில் இரண்டு தடவையில் முடிவது இங்கே இன்னும் சில தடவை இழுக்கும். ஒவ்வொரு படியையும் ஆசிரியர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அடுத்தது. அந்தத் தாமதத்தில் நமக்கு லாபமும் இருக்கிறது.

கூலி போகும் என்ற பிரச்சினைக்கு இது முழு விடையல்ல. தாராவியின் தினக்கூலிக்காரர் அத்தனை காலைகளை எங்கிருந்து எடுப்பார்? தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. பேட்டைகளில் மாநகராட்சி மருந்தகங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் மாலை நேரப் பல் பிரிவு, வேர் சிகிச்சை, உலோகக் கேப் வரை கிடைத்தால் பிடுங்கப்படும் பற்களில் பெரும் பங்கு மிஞ்சும். இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பட்டதாரிகள் வெளிவருகிறார்கள். அவர்களுக்கு வேலையில்லை, இவர்களுக்குப் பல் இல்லை. இரண்டையும் சேர்க்கும் வேலை மாநகராட்சியுடையது.

காப்பீடு இதற்குத் துணை வராது. சாதாரண மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை, விபத்தில் பல் போனால் தவிர, கேப்புக்கும் பிரிட்ஜுக்கும் பணம் தருவதில்லை. பாலிசி தாளில் அந்தப் பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

'மே லீவில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்பதும் நம்மவர் வழக்கம். ஊரில் செலவு குறைவு என்பது சரிதான். ஆனால் பத்து நாள் லீவில் வேர் சிகிச்சை, அச்சு, லேப், ஒட்டுவது எல்லாம் அவசரமாக முடியும். வண்டி தாதர் வந்து சேர்ந்த பிறகு கேப் உயரமாக இடித்தால் யார் சரிசெய்வார்? ஊரில்தான் செய்வதென்றால் வேர் சிகிச்சையை இங்கேயே முடித்துக்கொண்டு, எக்ஸ்ரேயோடு, லீவின் முதல் நாளே போய்விடுங்கள்.

நாற்காலியில் உட்காரும் முன் கேளுங்கள்

• இந்தப் பல்லை அடைப்பிலேயே காப்பாற்ற முடியுமா? கேப் எதற்கு?

• ஈறுக்கு மேலே போதுமான பல் மிச்சம் இருக்கிறதா?

• கேப் எந்தப் பொருள்? உலோகம் என்றால் நிக்கல் உண்டா?

• பிரிட்ஜ் என்றால் எந்தெந்தப் பற்களைத் தேய்ப்பீர்கள்? அவை நல்ல பற்களா? வேறு வழி உண்டா?

• எத்தனை தடவை வர வேண்டும்? மொத்தச் செலவில் வேர் சிகிச்சை, எக்ஸ்ரே, தற்காலிகக் கேப் எல்லாம் சேர்த்தியா?

• பில்லும் எக்ஸ்ரேயும் லேபின் அட்டையும் என் கையில் கிடைக்குமா?

இவற்றுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லும் டாக்டரே உங்கள் டாக்டர்.

ஒட்டிய பிறகு கடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் முதலில் இடித்தால் உடனே சொல்லுங்கள்; 'பழகிடும்' என்று விடக் கூடாது. பிரிட்ஜின் பொய்ப் பல்லுக்கு அடியில் தினமும் அதற்கென்று இருக்கும் நூலையோ சிறு பிரஷ்ஷையோ விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். வெறும் பல் துலக்குவது போதாது. தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் இரவுக் கவசம் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். வேர் சிகிச்சை செய்த பல்லில், கேப்பின் ஓரத்தில் தொடங்கும் சொத்தை வலிக்காது. நரம்பு எடுத்த பல் அல்லவா, வலிக்க அதில் எதுவும் இல்லை.

வலியை நம்பிப் பல்லுக்கு நாள் குறிக்காதீர்கள். வேர் சிகிச்சை முடித்துவிட்டுக் கேப் போடாமல் இருப்பவர்கள் இந்த வாரமே போங்கள். கையில் காசில்லை என்றால் சிர்கோனியாவுக்காகக் காத்திருக்க வேண்டாம், உலோகக் கேப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் இல்லையென்றால் மும்பை சென்ட்ரலுக்கோ சி.எஸ்.எம்.டி.க்கோ டிக்கெட் எடுங்கள். டாக்டர் கைவிடாத பல்லை நீங்களாகப் பிடுங்கச் சொல்லாதீர்கள்.